தலையாட்டினால் எரியும் டோர்ச்

அந்த டோர்ச்சை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இலங்கையில் கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டுகிறவளாக இருந்தேன். வெயில் ஏறினால் மரத்தில் பால் சரியாக ஒழுகாது. விடியுமுன் நெற்றியில் டோர்ச்சைக் கட்டிக்கொண்டு மலையேற வேண்டும். கடையில் வாங்கிய சாதாரண டோர்ச் ஒன்று என்னிடம் இருந்தது. சுவிட்சை அழுத்தினால் எரியும், அணைக்கும்வரை எரியும். அதற்கு மேல் ஒரு டோர்ச்சுக்கு என்ன புத்தி வேண்டிக்கிடக்கிறது?

எங்களை மேய்க்கும் கண்டாக்கையா ஒருநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆளுக்கொரு புது டோர்ச் கொடுத்தார்.

"இனிமே சுவிட்சே கெடையாது. தலைய ஆட்டினா எரியும். சும்மா நின்னா அதுவே அணைஞ்சிரும், பேட்டரி மிச்சம். வருங்காலத்துல பாருங்க, நீங்க நிக்கிறீங்களா வெட்டுறீங்களான்னு என் போனுக்கே சொல்லிரும்."

பழைய டோர்ச்சை இனி யாரும் கட்டக் கூடாது என்றும் சொன்னார்.

அந்த மனுஷன் வாழ்நாளில் ஒரு மரம் வெட்டியதில்லை. பால் வெட்டும்போது கைதான் நகரும், தலை அசையக் கூடாது. பட்டையை மட்டும் சீவ வேண்டும். கத்தி உள்ளே இறங்கினால் மரம் காயப்படும். கத்தி பாதித் தூரம் போகும்போது டோர்ச் பொசுக்கென்று அணைந்தது. தலையை ஆட்டினால் வெளிச்சமும் சேர்ந்து ஆடியது. பத்துப் பேரும் ஓணான் மாதிரி தலையாட்டிக்கொண்டே வெட்டினோம்.

மாதக் கடைசியில் கண்டாக்கையாவும் அவருக்கு மேலதிகாரியான சின்னத்தொரையும் மரங்களைப் பார்க்க வந்தார்கள். எல்லார் மரத்திலும் காயம். காயம் கூடினால் அந்த ஆளிடமிருந்து மரங்களை எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அவரைப் புல்லு வெட்ட அனுப்புவது தோட்டத்து வழக்கம். பதினோரு வருடமாக நான் வெட்டிய மரங்கள்.

"டோர்ச்சு அணைஞ்சு போகுதுங்க ஐயா," என்றேன்.

கண்டாக்கையா சின்னத்தொரையிடம் திரும்பி, "மேகொல்லன்ட அலுத் தேவல் தேரென்னே நே, சர்" என்றார். இதுகளுக்குப் புதுசு எதுவும் விளங்காதாம். எனக்குச் சிங்களம் அவரைவிட நன்றாகவே வரும். "எஹெனங் மஹத்தயா கபலா பென்னன்ன" என்றேன். அப்படியானால் நீங்களே வெட்டிக் காட்டுங்கள் என்று டோர்ச்சை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. சின்னத்தொரை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் இருட்டோடு வந்து அவரே வெட்டிப் பார்த்தார். மூன்றாவது மரத்தில் கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. சிரித்தார். அந்த வாரமே டோர்ச்சுகளையெல்லாம் திருப்பி வாங்கி ஸ்டோரில் போட்டார்கள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"டோர்ச்சு தப்புதான். ஆனா காயம் ஒன் மரத்துலதானே இருக்கு," என்றார் கண்டாக்கையா. மற்ற ஒன்பது பேரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நான் புல்லு வெட்டப் போனேன்.

என் மரங்கள் அடுத்த வீட்டுக் காம்பராக்காரிக்குப் போயின. அவள் கேட்டு வாங்கவில்லை, தெரியும். போன வாரம் தண்ணிக் குழாயடியில் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, ரோட்டோரத்து மரத்துல எந்தப் பக்கங்க பட்டை மெல்லிசு? கத்தி எறங்கிருமோன்னு பயமா இருக்கு."

எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.