பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை

பதினேழு வருஷமாக மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். அரை மார்க் கூடப் போடமாட்டாள் என்பதால் ஊருக்கே அவள் 'கறார் டீச்சர்'. அந்த மாதம் அவளை வீடு வீடாக ஆள் எண்ண அனுப்பினார்கள். எந்த நாட்டோடு சேர்வது என்று ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டுச் சொல்லட்டும் என்று, முப்பது வருஷம் அடித்துக்கொண்ட பிறகு, இரண்டு அரசாங்கமும் ஒருவழியாக ஒப்புக்கொண்டிருந்தன.

பட்டியலில் பேர் இருந்தால்தான் ஓட்டு. பேர் ஏற, ஆள் தன் வீட்டிலிருந்தே கையெழுத்துப் போட வேண்டும். பூட்டியிருந்தால் மூன்று முறை போய்த் தட்ட வேண்டும். அப்புறமும் திறக்காவிட்டால் 'குடியிருப்பவர் இல்லை' என்று எழுதிவிட வேண்டும்.

டீச்சருக்குக் கொடுத்த நாற்பத்தாறு வீடுகளில் பூட்டியது ஒன்றுதான். அவளுடைய அக்கா வீடு.

போன வருஷம் குண்டு விழுந்தபோது கட்டிய துணியோடு எல்லை ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடியவள் அக்கா. திரும்பி வர விடவில்லை.

முதல் முறை தட்டியபோது எதிர்வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். "யாரு டீச்சரம்மா திறக்கப்போறா, பல்லியா?"

"சும்மா இருங்கண்ணே. சட்டம்."

"ரெண்டு பேரும் இந்தத் தெரு என்னுதுங்கிறான். குழாய் உடைஞ்சா மட்டும் உன்னுது, உன்னுதுங்கிறான். அவங்க சட்டம்!"

இரண்டாவது முறையும் தட்டிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டாள்.

"நீயே கையெழுத்தப் போடுடி. ரிப்போர்ட் கார்டுல அப்பா கையெழுத்தையே போட்டவதானே நீ!"

"மேலதிகாரி கூடவே வர்றார்க்கா."

"அப்ப நானே வர்றேன். சோதனைச் சாவடியில ஒருநாள் சீட்டுக் கேக்குறேன். இல்லேன்னு சொல்லிடுவானா?"

மூன்றாவது முறை போனது கடைசி நாள். ஐந்து மணிக்குப் பட்டியல் மூடும். நாலரைக்கு அக்கா பேசினாள். பட்டியலில் பேர் இருந்தால்தான் சீட்டாம். பேர் ஏற்றத்தான் போகிறேன் என்றாளாம். ஏறின பிறகு வா என்று சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டானாம்.

"போனை வச்சிடாதடி" என்றாள்.

டீச்சர் அதிகாரியைப் பார்த்தாள். அவளைவிடச் சின்னவர். "நானும் மனுஷன்தான் மேடம். ஒரு படிவம் பொய்னு கண்டுபிடிச்சா தெருவையே தள்ளிடுவாங்க. நாப்பத்தஞ்சு வீட்டுக்கும் ஓட்டு போயிடும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குத் தப்புக்கு மார்க் போட ஆசை வந்தது. கை வரவில்லை. 'குடியிருப்பவர் இல்லை' என்று எழுதினாள்.

கீழே இன்னொரு கேள்வி இருந்தது. இல்லாதவர் இருக்குமிடம் தெரியுமா?

"தெரியும்னு போடாதீங்க" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "அந்தப் பக்கத்து ஆளாச் சேத்துடுவாங்க. அப்புறம் மனுக் கொடுக்கக்கூட வழியில்ல."

'தெரியாது' என்ற கட்டத்தில் டீச்சர் டிக் போட்டாள். போன் காதிலேயே இருந்தது.

"என்னடி, சத்தத்தையே காணோம்?" என்றாள் அக்கா. "ஏதாவது சொல்லேன்."