தூக்கிய கால்

நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டு ஊரில் சனிக்கிழமை காலையில் ஒரு கூத்து நடக்கும். சாஃப்ட்பால் ஆட வந்த பெண்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அம்பயர் குனிந்து ஒவ்வொருத்தி ஷூவையும் பார்ப்பார். இரும்பு ஆணி இருந்தால் வெளியே. ஓடிவந்து பேஸ் கட்டத்தைத் தொடச் சறுக்கும்போது கால் தரையோடு இருக்கணும், ஆள்மேல் மோதினால் ஆட்டத்தை விட்டே அனுப்புவேன் என்று வேறு சொல்வார். ஆட வந்தார்களா, வளைகாப்புக்கு வந்தார்களா என்று நான் சிரிப்பேன்.

நான் ஆடியது ராசிபுரம் பக்கம். பள்ளி மைதானம் முழுக்கச் சுக்கான் கல். விழுந்தால் தோல் உரியும். ஒரு கால் தோலாவது மிஞ்சட்டும் என்று, மற்றதை மடித்து அதன்மேல் விழுந்து, முன்காலை உயரத் தூக்கியபடியே சறுக்குவோம். மாவட்ட இறுதி ஆட்டத்தில் எதிரணி கேட்சர் பானு, சேலம் சூரமங்கலத்துப் பெண், ஓட்டம் முடிகிற ஹோம் பிளேட்டை மறித்து நின்றாள். அவள் முகத்துக்குத்தான் கவசம், காலுக்கு ஏது? "உடாத சாமி, ஏறிப் போ!" என்று பி.டி. சார் கத்தினார். ஏறினேன். என் குதிகால் அவள் முழங்காலில் இறங்கியது. எலும்பு மளுக்கென்று முறிந்தது. அவள் மண்ணைப் பிறாண்டி அலறினாள். அம்பயர் 'சேஃப்' என்றார், ஓட்டம் எங்களுக்கு. என்னைத் தோளில் தூக்கினார்கள். அவளையும் நாலு பேர் தூக்கினார்கள், ஆட்டோவுக்கு.

அதே சறுக்கலைத்தான் என் மகள் யாழினிக்கு வீட்டுப் பின்புறப் புல்லில் சொல்லிக் கொடுத்தேன். மெத்தை மாதிரிப் புல்லில் காலை எதற்குத் தூக்கணும்? மடச்சி நான், யோசிக்கவே இல்லை. போன சனிக்கிழமை அவள் மூன்றாம் பேஸில் நின்ற எதிரணி எமிலியின் முழங்காலில் இறங்கினாள். அதே சத்தம். அந்தப் பிள்ளையின் காலுறை ரத்தத்தில் நனைந்தது. அம்பயர் யாழினியை வெளியே போகச் சொன்னார். வேண்டுமென்றே செய்தாள் என்று சுற்றிலும் கத்தினார்கள்.

எமிலியின் அம்மாவிடம் ஓடினேன். "தப்பு என்னுடையது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் சறுக்குவோம்" என்றேன். மன்னிப்பாகத்தான் சொன்னேன். பெருமை பீற்றுகிறேன் என்று நினைத்துவிட்டாள். "என் கண்முன் நிற்காதே" என்று கையை உதறி, எமிலியோடு ஆம்புலன்ஸில் ஏறிப் போனாள்.

காரில் யாழினி கேட்டாள், "நீ யாரையாச்சும் இப்படி ஒடச்சிருக்கியாம்மா?"

"ம்."

"உன்னையும் வெளிய அனுப்பிட்டாங்களா?"

"இல்ல சாமி. கப் குடுத்தாங்க."

என் பக்கம் திரும்பினாள். "கால் ஒடஞ்சவங்க இப்ப நல்லா நடக்கறாங்களா?"

தெரியாது. ஒருநாளும் நான் விசாரித்ததில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போம்மா. எமிலிகிட்ட ஸாரி கேக்கணும்."

வண்டியைத் திருப்பினேன். ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கி, "நீயும் வாரியா?" என்றாள். எமிலியின் அம்மா சொன்னது காதிலேயே இருந்தது. நீ போ என்றேன். அவள் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் இரண்டாம் மாடியில் இருந்தாள். என்னுடையவள், பானு, கடல் தாண்டி, சேலத்தில் எந்தத் தெருவில் எப்படி நடக்கிறாளோ.