நெல்லிவாசல் ஓடையும் ஓர் அடைப்புக்குறியும்

ஜவ்வாது மலைக்கு நான் சென்றது 1963 பிப்ரவரி 9, சனிக்கிழமை. காரணம் ஒரு மீன். 1932-இல், கல்லூரியில் விலங்கியல் ஆசிரியனாக இருந்தபோது, நெல்லிவாசல் ஓடையின் சிறுமீன் ஒன்றைப் புதிய இனமென்று விவரித்துப் பெயரிட்டேன். மாணவர்கள் சாராயத்தில் இட்டுக் கொணர்ந்த மீன்களே ஆதாரம். ஓடையை நான் பார்த்ததில்லை. மீனின் பெயருக்குப் பின்னால் என் பெயரும் வரும். சென்ற மாதம் கிடைத்த ஆய்விதழில் (அட்டையில் டிசம்பர், கைக்கு வந்தது ஜனவரி 21) இளைஞர் ஒருவர் அதனைக் கல்லில் ஒட்டும் மீன்களின் பேரினத்துக்கு மாற்றியிருந்தார். கீழுதட்டின் பின்னுள்ள தசைத்திண்டு என் மீனுக்கும் அவற்றுக்கும் பொதுவாம். ஆகவே மூதாதையும் ஒன்றாம். மீன்பெயரின் முன்பாதியான பேரினம் மாறினால், முதலில் பெயரிட்டவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் செல்லும். அது விதி. நானோ அத்தகைய திண்டைக் கண்டதேயில்லை. மறுப்பு எழுதுமுன் உயிருள்ள மீனைப் பார்க்க விரும்பினேன்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயத்துக்குக் காலை 6.40 பேருந்து, கட்டணம் ஐம்பது நயா பைசா. அதற்குமேல், தோல் பதனிடக் கடுக்காய் ஏற்றச் செல்லும் லாரிதான். ஓட்டுநர் கரீம் பாய் ஒரு ரூபாய் பெற்று முன்னிருக்கையில் இடம் தந்தார்.

"இன்னா சார், ஏரியெல்லாம் கீழ கீது. மீனுக்கு மலை ஏறுறீங்க?"

அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தீர்மானிக்க வேண்டும் என்றேன்.

"அப்ப சம்பந்தம் பேசப் போறோம்னு சொல்லுங்க."

லாரி நின்ற இடத்திலிருந்து இரண்டு மைல் நடை. கரீம் பாய் மூட்டை ஏற்ற நின்றுவிட்டார். ஓடை பாறைகளுக்கிடையே குட்டைகளாகச் சுருங்கியிருந்தது. கைவலையில் அகப்பட்ட மீனைக் கண்ணாடித் தம்ளரில் விட்டேன். சற்றுச் சுழன்றபின் அது பக்கச் சுவரில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டது. நீரைச் சாய்த்து ஊற்றினேன், விழவில்லை. உதட்டுக்குப் பின்னே அந்தத் திண்டு வெண்மையாக, ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. ஒரே பழக்கம் உறவுக்குச் சான்றாகாது. ஒரே இடத்தில் ஒரே அமைப்புள்ள உறுப்பு சான்றாகும். சாராயத்தில் அது சுருங்கிவிடுகிறது. நான் முன்பு பார்த்தவை எல்லாம் சுருங்கியவை.

பாறைமேல் அமர்ந்து மாதிரிப் புட்டியின் சீட்டில் புதிய பேரினப் பெயரை எழுதி, என் பெயருக்கு இருபுறமும் அடைப்புக்குறி இட்டேன்.

இறங்கும்போது கரீம் பாய் விசாரித்தார். சொன்னேன்.

"பொண்ணக் கட்டிக் குடுத்தா இன்ஷியல் மாறும் சார். பொண்ணே மாறிடுதா இன்னா?"

பின்பாதியான இனப்பெயர் மாறுவதில்லை, ஆகவே அவர் சொன்னது பெரும்பாலும் சரியே. எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

செல்ல விரும்புவோர் பிப்ரவரிக்குள் செல்லவும். பின்பு குட்டைகள் வற்றிவிடும். ஞாயிறன்று லாரி இல்லை. மேலே உணவு கிடைக்காது. பித்தளைத் தம்ளர் பயன்படாது. இயன்றால் எவரையேனும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மீன் ஒட்டிக்கொண்ட கணத்தில் "இதைப் பாருங்கள்" என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்த ஓடைக்கரையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.