பாங்கொக்கில் ஒன்பது மணி

சைக்கிள் ரயரில் டைனமோவின் தலை உரசத் தொடங்கினால் முதலில் சூடேறிய ரப்பர் வாசம் வரும், பிறகு வண்டு இரைவது போல ஓர் ஓசை எழும், அதற்கும் பிறகுதான், சுற்றுகிறவரின் கை ஒரு சீருக்கு வந்தபின்தான், எங்கள் வானொலி வாய் திறக்கும். பற்றரி என்பது அரசாங்கத் தடையால் வன்னிக்குள் வரக்கூடாத பொருளாக இருந்த காலம் அது. ஸ்கந்தபுரத்தில் எங்கள் கொட்டிலைப் போலவே மற்ற வீடுகளிலும் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றித்தான் செய்தி கேட்டார்கள். எங்கள் வீட்டில் செய்தி முடிந்தபிறகும் சைக்கிள் நிமிராது. காரணம் நான்தான்.

எனக்குப் பதினான்கு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து இரண்டாவது வருடம். பள்ளிக்கூடம் பாதி நாள் நடக்கும், பாதி நாள் நடக்காது. அந்தச் சும்மா கிடந்த நாட்களில் எனக்குப் பிடித்த பைத்தியம் ‘ஸ்ரேசன் பிடிக்கிறது’. கொழும்பையும் அக்கரையிலிருக்கிற இந்தியத் தமிழ் நிலையங்களையும் யாரும் பிடிப்பார்கள். எனக்கு வேண்டியது எவருக்கும் தெரியாத பாஷையில் எங்கிருந்தோ வந்து, மங்கி, செத்து, திரும்ப உயிர்த்து வருகிற தூரத்து நிலையங்கள். பொழுது சாய்ந்தபின் மத்திய அலையில் அவை ஒவ்வொன்றாக வரும். பாலை மரத்திலிருந்து கூரைக்கு ஒரு நீளச் செப்புக் கம்பி கட்டியிருந்தேன். டைனமோவின் இரைச்சல் அந்த மெல்லிய குரல்களை விழுங்கிவிடும் என்பதால் சைக்கிளைச் சமைக்கிற குசினிக்குப் பின்னால் தள்ளி வைத்து, அங்கிருந்து வயர் இழுத்தேன். கம்பியைக் காணும் போதெல்லாம் அப்பா, “ஆரும் பாத்தா என்ன நினைப்பினம்?” என்று முணுமுணுப்பார். ஆனால் அவிழ்க்கச் சொன்னதில்லை.

பாஷை விளங்காத நிலையம் எந்த நாட்டினது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. வானொலியை மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் சத்தம் அடங்கும். அதைக் கொண்டு திசையை ஊகிக்கலாம். மற்றது, அவர்களுடைய மணி. ஒவ்வொரு நிலையமும் தன் ஊர் மணிக்கு ஓர் ஒலி எழுப்பும். அது எங்கள் நேரத்துக்கு எத்தனை மணியில் விழுகிறது என்று பார்த்து, பூமிசாத்திரப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த நாடுகளின் நேர அட்டவணையோடு ஒப்பிடுவேன்.

றோசலின் மாமி எங்கள் பக்கத்துக் கொட்டிலில் இருந்தா. முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவா; கடலை விட்டு வந்தபின் கச்சான் கடலைத் தோட்டங்களில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தா. இடம்பெயர்ந்த ஓட்டத்தில் மூக்குக் கண்ணாடி எங்கோ விழுந்துவிட்டதால், வருகிற கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். கடிதம் எழுத அவவுக்கு இருந்தது ஒரே மகன், அன்ரன். வவுனியா போய், கொழும்பு போய், ஏஜென்சிக்காரனை நம்பி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டு, அந்த ஆள் நடுவழியில் கைவிட்டதில் பாங்கொக்கில் நிற்கிறார் என்பதுவரை எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை.

ஒருநாள் மாலை, நான் ஏதோ ஒரு சீனக் குரலைப் பிடித்து வைத்திருந்தபோது, மாமி வந்து வேலியோரம் நின்றபடி கேட்டா.

“பிள்ளை, அவன் நிக்கிற ஊர்ச் சத்தம் உந்தப் பெட்டிக்குள்ள விழுமோ?”

“அவையின்ர பாஷை விளங்காதே மாமி.”

“பாஷை ஏன் எனக்கு? அவனும் அதைத்தானே கேட்டுக்கொண்டு இருப்பான்.”

அன்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூடு பற்றரி இல்லாமல் எப்போதோ நின்றுவிட்டது. மாமி தன்னிடமிருந்த கைமணிக்கூட்டைக் கொண்டுவந்தா, சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய ஆண்பிள்ளை மணிக்கூடு. தாய்லாந்து எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் முந்தியது. ஆகவே அவர்களுடைய மணி எங்கள் அரைமணியில்தான் விழவேண்டும். நான்கு நாள் தேடினேன். ஐந்தாம் நாள், வானொலியின் முள் ஆறாம் இலக்கத்துக்குச் சற்று முன்னே நிற்க, கிழக்குப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டு வந்தது. பாட்டு முடிந்து மணி ஒலி கேட்டது. மாமியின் மணிக்கூட்டில் ஏழரை. பிறகு ஒரு பெண் குரல் செய்தி போல எதையோ சொல்லத் தொடங்கியது. “மாமி, இப்ப பாங்கொக்கில ஒன்பது மணி” என்றேன். எனக்கிருந்த பெருமையைச் சொல்லி முடியாது. மாமி சிலுவை போட்டுக்கொண்டு, சத்தம் வராமல் அழுதா.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் மாலைக் கருக்கலில் வந்துவிடுவா. அந்த நிலையம் ஓரிடத்தில் நில்லாது, வழுக்கிக்கொண்டே போகும். என் விரல் எப்போதும் குமிழில் இருக்க வேண்டும். அப்பா கந்தோரில் எழுத்து வேலை பார்த்த மனிதர், ஐந்து நிமிடத்தில் கை ஓய்ந்துவிடுவார். ஆகவே சுற்றுவது மாமி. குசினிக்குப் பின்னால் டைனமோவின் இரைச்சலுக்குப் பக்கத்தில் இருக்கிறவருக்கு வானொலி பாதிதான் கேட்கும். நான் மாறிச் சுற்றுகிறேன் என்றால் விடமாட்டா. ஆனாலும் அந்தப் பாதியிலேயே அறிவிப்பாளர்களைப் பழகிக்கொண்டா. “இண்டைக்கு இவளுக்குத் தடிமன் போல, மூக்கடைச்சுக் கிடக்கு” என்பா. சிரித்துப் பேசுகிற ஒரு ஆணுக்கு ‘விசரன்’ என்று பெயர். தோட்டத்தில் வெயில் காய்ந்து, முகம் இருண்டு வருகிற மனிசி, அந்த அரைமணி நேரத்தில் எங்களையெல்லாம் பகிடி பண்ணிக்கொண்டு சுற்றுவா.

பிறகு அன்ரனுக்குக் கடிதம் எழுதச் சொன்னா. அவ சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘ஒவ்வொரு நாளும் உன்ர ஒன்பது மணிக்கு நான் உன்ர ஊர் றேடியோ கேட்கிறன். நீயும் அந்த நேரம் கேள். ரெண்டு பேரும் ஒண்டாக் கேட்டமாதிரி இருக்கும். பக்கத்துக் கொட்டில் தங்கச்சிதான் இதை எழுதித் தாறா.’ கீழே வானொலியில் முள் நிற்கும் இலக்கத்தையும் நானே எழுதினேன். வவுனியாவுக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம்.

கடிதம் போய் மூன்று கிழமை இருக்கும். ஒரு மாலை, அக்கரைத் தமிழ் நிலையத்தில் கிரிக்கெட் கேட்க வேண்டுமென்று அப்பா நேரத்தோடு சைக்கிளைக் கவிழ்த்தார். மாமியும் வந்துவிட்டா. அந்த நிலையம் ஆறு மணி சொன்னது. இந்தியாவின் நேரமும் எங்கள் நேரமும் ஒன்றுதான். நான் மாமியின் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆறரை.

அந்தக் காலத்தில் எங்கள் நாட்டில் இரண்டு நேரம் இருந்தது. அரசாங்கப் பக்கம் மணிக்கூட்டை முன்னே தள்ளி வைத்தபோது இயக்கத்தின் கையிலிருந்த எங்கள் பக்கம் தள்ளவில்லை; வவுனியாவைத் தாண்டினால் ‘புதுநேரம்’, இங்கே ‘பழைய நேரம்’, இடையில் அரை மணித்தியாலம். “மாமி, இது ஆர் வைச்ச நேரம்?” என்று கேட்டேன். அன்ரன் கொழும்பில் கையில் கட்டியிருந்த மணிக்கூடாம். பயணம் வெளிக்கிட முதல்நாள் கழற்றி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறார்.

“அவன் வைச்ச நேரம் பிள்ளை. சாவி மட்டும் குடுப்பன். முள்ளைத் தொடமாட்டன்.”

கொட்டில் தேவாலயத்துக்குப் பூசை வைக்கிற சுவாமி வர அரை மணி முன்பே மாமி வந்து முழங்காலில் நிற்பா என்று ஊரே பகிடி பண்ணும். நாங்கள் அதைப் பக்தி என்றே நினைத்திருந்தோம். நான் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எங்கள் நேரத்துக்குச் சரியாக ஏழு மணியில், கிழக்கிலிருந்து மணி சொல்லக்கூடிய நாடு பர்மா. மாமி இத்தனை நாளும் கை நோகச் சுற்றிக் கேட்டது ரங்கூன். அன்ரனுக்கும் ரங்கூனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. உண்மையான பாங்கொக்கைப் பிடித்து மெல்ல மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு கிழமை மெனக்கெட்டு ஒன்றைப் பிடித்தும் விட்டேன். அது சரியான அரைமணியில் மணி சொன்னது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து கதைப்பது போல இருந்தது. மாமி சுற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தா. “என்ன பிள்ளை இரைச்சல்? எங்கட ஊரைப் போடு” என்றா. எங்கட ஊர்! நான் முள்ளைத் திருப்பி ரங்கூனைப் போட்டேன்.

அன்றிரவு, இந்தக் கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரட்டும் என்று நாள் வைத்தேன், அது தப்பியது. அடுத்த ஞாயிறு என்றேன், அதுவும் தப்பியது. இப்படி மூன்று மாதம் போனது. ஒருநாள் காலை, இன்றைக்கு என்னவானாலும் சரி என்று நான் படலையைத் திறந்துகொண்டு போனபோது, மாமி ஒரு கடிதத்தை நெஞ்சோடு பிடித்தபடி எதிரே ஓடிவந்தா.

நிலத்தில் குந்தியிருந்து வாசித்தேன். சுகமாக இருக்கிறாராம். நண்பர்களோடு ஓர் அறையில் இருக்கிறாராம், சாப்பாட்டுக் கடையில் வேலையாம். ‘அம்மா, நீங்கள் சொன்ன மாதிரி ஒன்பது மணிக்கு நானும் அந்த றேடியோ கேட்கிறனான். நல்ல பாட்டுகள் போடுறவங்கள்.’ மாமி அந்த இடத்தை மூன்று தரம் வாசிப்பித்தா. பாங்கொக்கில் இருந்துகொண்டு அந்த இலக்கத்தில் அவர் எதைக் கேட்கிறார் என்று நான் குழம்பியபடி தாளைத் திருப்பினேன். பின்பக்கத்து மூலையில் எறும்பு எழுத்தில் நான்கு வரி இருந்தது.

‘இதை வாசிக்கிற தங்கச்சிக்கு: இதை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம். விசா இல்லாமல் பிடிபட்டு உள்ளுக்கு இருக்கிறன். இங்கே றேடியோ இல்லை. அம்மாவுக்குத் தொடர்ந்து போட்டுக் காட்டு.’

“பின்னுக்கு என்ன எழுதிக் கிடக்கு?” என்று மாமி கேட்டா.

“உங்கட விலாசம் மாமி.”

அதற்குப் பிறகும் ஒன்றேகால் வருடம், மாமி விசுவமடுவில் தமக்கை வீட்டோடு போய் இருக்கும்வரை, நான் ரங்கூனைப் பிடித்தேன், அவ சுற்றினா. மாமி அங்கேயே சில வருடங்களில் காய்ச்சலில் செத்துப்போனா. நான் சொல்லவேயில்லை.

இப்போது டைனமோ பூட்டிய சைக்கிளை எங்கள் ஊரில் காணவில்லை. இரண்டு நேரங்களும் ஒன்றாகிவிட்டன. மத்திய அலையில் பொழுதுபட முள்ளைத் திருப்பினால் பல இடங்களில் வெறும் இரைச்சல்தான். ரங்கூன் நின்ற இடத்தில் பலமுறை தேடிவிட்டேன், ஒன்றுமில்லை. என் மகள் எந்த நாட்டுப் பாட்டையும் கைத்தொலைபேசியில் ஒரு நொடியில் எடுக்கிறாள், எடுத்த வேகத்தில் விடுகிறாள்.

போன ஆவணியில் அன்ரன் அண்ணை வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. தாயின் கல்லறைக்குப் போய்விட்டு நேரே என்னிடம்தான் வந்தார். இருபத்து சொச்சம் வருடமாக மனதில் வைத்திருந்ததை நான் ஒரே மூச்சில் கொட்டினேன்: மணிக்கூடு, அரை மணித்தியாலம், ரங்கூன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அது அவரைப் பெரிதாகத் தொட்டதாகத் தெரியவில்லை.

“ஆர் சுத்தினது?” என்றார்.

“மாமிதான்.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“ஓம் அண்ணை. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம். ஒருத்தரையும் விடமாட்டா.”

அவர் குனிந்துகொண்டார். “சைக்கிளைச் சுத்தித்தான் கேட்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியாது தங்கச்சி. நான் இருந்த காலம் போல பற்றரி றேடியோ எண்டு நினைச்சன். தெரிஞ்சிருந்தா அப்பிடி எழுதியிருக்கமாட்டன்” என்றார்.

நானும் அவரும் அந்த மனிசிக்கு எத்தனை பொய் சொல்லிவிட்டோம். “சந்தோசமாத்தான் சுத்தினவா அண்ணை” என்றேன். அது மட்டும் பொய்யில்லை.