மச்சான் மெஷினுக்கு வைத்த பொட்டு

நான் எட்டாவது தாண்டவில்லை. ஆனால் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பள்ளிக்கரணை வரைக்கும் எத்தனை ஆபீஸில் கம்ப்யூட்டர் ஓடுகிறதோ, அதில் பாதிக்கு வயர் இழுத்தது இந்தக் கைதான். மொட்டை மாடி மொட்டை மாடியாகத் தாவி கேபிள் டிவி வயர் கட்டியவன் நான். அப்புறம் நெட்வொர்க் வயர் வந்தது. எட்டு கலர் இழையை வரிசை மாறாமல் பிளாஸ்டிக் தலைக்குள் செருகி, கிரிம்பிங் டூலில் வைத்து ஒரே அழுத்து. யாரும் சொல்லித் தரவில்லை. வேண்டாமென்று எறிந்திருந்த பழைய வயரைப் பிய்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். என் கிரிம்பிங் டூலின் கைப்பிடியை வந்து பாருங்கள், ரப்பர் என் விரலுக்குத் தக்கபடி குழிந்திருக்கும். வேறு யார் பிடித்தாலும் வழுக்கும்.

இப்படி இருந்தவன் வயிற்றில்தான் மச்சான் நெருப்பைக் கொட்டினான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. என்னிடம் ஏணி பிடித்துத் தொழிலைப் பழகியவன். கீழ்க்கட்டளையில் தனியாகக் கடை போட்டான், சரி போகட்டும் என்று விட்டேன். பிறகு ஸ்பிளைசிங் மெஷின் வாங்கினான். தலைமுடி மாதிரி இருக்கிற கண்ணாடி இழை, அதாவது ஃபைபர், அறுந்துவிட்டால், இரண்டு முனையையும் பொறி வைத்து உருக்கி ஒட்டுகிற மெஷின் அது. டிபன் பாக்ஸ் அளவுதான். மேலே மூடி, முன்னால் சின்ன டிவி. காதுகுத்துக்குப் போனாலும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். "மாமா, இந்த ஜூமைப் பாருங்களேன்" என்பான். பார்ப்பேன். அன்றைக்கு பிரியாணி இறங்காது.

அந்த நேரம் பார்த்து பள்ளிக்கரணையில் ஒரு அபார்ட்மெண்டில் எல்லா பிளாக்குக்கும் ஃபைபர் போடப் போவதாகச் சொன்னார்கள். செங்கல் அடுக்கும்போதே பைப் போட்டு நான் வயர் இழுத்த கட்டடம். செக்ரட்டரி பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "நீங்களா, உங்க மச்சானா, பூஜை லீவு முடிஞ்சு சொல்றேன்" என்றார். அந்த வேலை எவனோ ஒருத்தனுக்குப் போயிருந்தால் கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். மச்சானுக்கு மட்டும் போகக்கூடாது.

ஆயுத பூஜைக்கு எங்கள் குடும்பத்து ஜாமான் எல்லாம் என் வீட்டு ஹாலுக்குத்தான் வரும். மூத்தவன் நான். அந்த வருஷம் மச்சான் தன் மெஷினைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தான். அவள் அதை சரஸ்வதி படத்துக்கு நேர் எதிரில், நட்ட நடுவில் வைத்தாள். என் கிரிம்பிங் டூல் பொரி மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"இன்னாடி, என்னுது ஓரத்துல கீது?"

"அது இத்தினிக்கூண்டு ஜாமான். நடுவுல வச்சா எடுப்பாவா இருக்கும்?"

"அதுதான் உனக்கு வூடு கட்டிக் குடுத்தது."

"அதான் அதுக்கும் பொட்டு வச்சிருக்கேனே. போய் மணி அடிங்க."

மணி அடித்தேன். மச்சான் வாசலில் பூசணிக்காய் உடைத்தான். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலை வரைக்கும் யாரும் தொடமாட்டோம். ராத்திரியெல்லாம் அந்த மெஷின் நடு ஹாலில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

காலையில் செக்ரட்டரி போன் செய்தார், எனக்கும் மச்சானுக்கும். அபார்ட்மெண்ட் வாசலில் மழைநீர்க் கால்வாய் தோண்டிய ஜேசிபி, கேட் ரூமுக்குப் போகும் ஃபைபரை அறுத்துவிட்டதாம். "யார் சரி பண்றீங்கன்னு பாத்துக்கறேன்" என்றார். அதற்கு மேல் எங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டு பேரும் பூஜையிலிருந்து ஜாமானை எடுத்துக்கொண்டு ஓடினோம். கேட் ரூம் பக்கத்தில் மச்சான் ஜம்பமாக மெஷினை ஸ்டூலில் வைத்து, இழையைச் சீவி உள்ளே படுக்க வைத்தான். மெஷின் கீச் என்று கத்தியது. திரையில் சிவப்பு எழுத்து. மறுபடி வைத்தான், மறுபடி கீச். மூடியைத் திறந்து குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். மூடியின் உட்பக்கத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம். காய்ந்து உதிர்ந்து, இழை படுக்கிற காடி முழுக்க செக்கச்செவேல்.

என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

அவன் போனை ஸ்பீக்கரில் போட்டான். "அக்கா, மெஷினுக்கு உள்ள எதுனா வச்சியா?"

"பொட்டு வச்சேன்டா தம்பி. உள்ளதான வேலை செய்யுது? மேல மட்டும் வச்சா எப்படி? ஏன், நல்லா ஓடுதா?"

அவன் அந்தக் குங்குமத்தையே ஒரு நிமிஷம் பார்த்தான். "சூப்பரா ஓடுதுக்கா" என்றான்.

நானாக இருந்தால் ரோடே கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். அதனால்தான் என் ஜாமானுக்கு இப்படிப் பார்த்துப் பார்த்துப் பொட்டு வைக்கமாட்டாளோ என்னவோ. பட்ட சந்தோஷம் அத்தோடு பாதியாகிவிட்டது.

அவன் பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்துத் துடைக்க உட்கார்ந்தான். நான் சும்மா இருப்பேனா? என் பையில் நெருப்பு இல்லாமல் கையாலேயே மாட்டுகிற கனெக்டர் இருந்தது. இரண்டு முனையையும் சீவி, முனைக்கொரு கனெக்டர் போட்டு, நடுவில் ஒரு கப்ளரால் சேர்த்தேன். மாடியிலிருந்து ஒரு அம்மா, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கத்தினார். செக்ரட்டரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மச்சான் தலை நிமிரவில்லை, துடைத்துக்கொண்டிருந்தான்.

துடைத்து முடித்துவிட்டு நிதானமாக வந்தான். இழைக்குள் ஓடுகிற வெளிச்சத்தை அளக்கிற பவர் மீட்டரை மாட்டி செக்ரட்டரியிடம் காட்டினான்.

"சார், நெட் வருது. ஆனா வெளிச்சம் பாதி வழியிலயே கசியுது. மழைல ஈரம் ஏறுனா படுத்துக்கும்."

செக்ரட்டரி என்னைப் பார்த்தார். நான் ஜேசிபியைப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான், அது எனக்கும் தெரியும்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, நான் போட்ட ஜாயின்ட்டை வெட்டி என் கையிலேயே கொடுத்தான். மெஷினில் வைத்தான். இந்த முறை அது கத்தவில்லை. ஒரு பொறி, அவ்வளவுதான். ஒட்டின இடம் எதுவென்று கண்ணுக்கே தெரியவில்லை. கேட் ரூமுக்கு வெளியிலேயே செக்ரட்டரி எல்லா பிளாக்குக்கும் ஃபைபர் போடுகிற வேலையை அவனுக்கே சொல்லிவிட்டார். "உங்க கிட்ட கத்துக்கிட்டவர்தானே, உங்களுக்கும் பெருமைதான்" என்று என்னிடம் ஒரு வார்த்தை வேறு. வேளச்சேரி ரோடு முழுக்க அந்தப் பெருமையைச் சுமந்துகொண்டு வண்டி ஓட்டினேன்.

ஆனால் நான் படுத்துக்கொள்கிற ஆளில்லை. அடுத்த ஆயுத பூஜைக்குள் நானும் ஒரு ஸ்பிளைசிங் மெஷின் வாங்கினேன். அவனுடையதைவிடப் பெரிய திரை. தொட்டால் வேலை செய்யும். இங்கிலீஷில் ஏதேதோ கேட்கும், நான் படத்தைப் பார்த்து அமுக்கிவிடுவேன். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டேன், வேறு எவனாக இருந்தாலும் மாதக்கணக்கில் தடவியிருப்பான்.

பூஜை அன்றைக்கு நானே இரண்டு மெஷினையும் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"உள்ள வைக்காத. மூடி மேல வை" என்றேன்.

"தெரியும், தெரியும். தம்பி அப்புறமா பக்குவமா சொன்னான்."

என் மெஷினுக்கு வைத்தாள். அவன் மெஷினுக்கு வைத்தாள். பக்கத்தில் நின்று கவனித்தேன். அவன் பொட்டுதான் கொஞ்சம் பெரியது.