கீபோர்டு வந்ததும் பியானோ வாங்கியதும்

என் கணவர் துபாயிலிருந்து விடுப்பில் வரும்போது எதையும் எடை பார்த்துத்தான் வாங்குவார். விமானத்தில் விடுகிற கிலோவுக்குள் அடங்க வேண்டுமே! அந்த முறை தைலம், போர்வை, பால்பவுடர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மகளுக்காக ஒரு கீபோர்டை மட்டும் சுமந்து வந்தார்.

"தூக்கிப் பாரேன், பஞ்சு மாதிரி இருக்குது" என்றார் பெருமையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் நெய்வேலியில் பியானோ கற்றுக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்த பழைய கீபோர்டில் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். அதிலேயே பழகியவளுக்கு டீச்சரின் பியானோவில் விரல் ஓடவில்லை. "அழுத்துற கட்டை கனமா இருக்கற டிஜிட்டல் பியானோ வாங்குங்க. இல்லன்னா பரீட்சைக்கு அனுப்ப முடியாது" என்று டீச்சர் சொல்லிவிட்டார். "நான் இனிமே போவலம்மா" என்று மகளும் சோர்ந்து போயிருந்தாள். இதையெல்லாம் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"கனமானத எப்பிடி பிளேன்ல ஏத்துறது?" என்றார்.

"அதுக்கு வெறுங்கையோடயே வந்திருக்கலாம்" என்று வெடித்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது. பாவமாகத்தான் இருந்தது; ஆனாலும் நான் விடவில்லை. மறுவாரமே மூவரும் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினோம்.

கடைக்காரர் தாளம், விளக்கு, விதவிதமான ஓசை என்று ஜாலம் காட்டினார். மகள், "கொஞ்சம் சத்தத்த நிறுத்துங்கண்ணா" என்றாள். ஓசையே இல்லாமல் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். டீச்சர் சொல்லிக்கொடுத்த முறை அது. முதலில் விரலுக்குப் பிடிக்க வேண்டுமாம், பிறகுதான் காதுக்கு. இடது பக்கம் கனமாகவும் வலது பக்கம் போகப் போக இலகுவாகவும் இருந்த ஒன்றில் அவள் கை நின்றது. பொத்தான்கள் குறைவு, பார்த்தால் கறுப்பு மேசை. அதையே எடுத்தோம்.

எங்கள் ஊரில் நான் வேலை பார்த்த பீங்கான் பட்டறையின் வண்டி பாண்டிச்சேரியில் பொம்மைகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பியது. பொம்மைகள் உடையாமலிருக்கப் போட்டிருந்த வைக்கோலுக்குள் பொதிந்து பியானோவை அதில் ஏற்றினோம். வீட்டு வாசலில் ஆள் பிடித்து இறக்கியபோது, ஒரு முனையைத் தூக்கியிருந்த என் கணவருக்கு மூச்சு வாங்கியது.

"இதத்தான் பிளேன்ல கொண்டாரச் சொன்னியா?"

எனக்குக் கோபமெல்லாம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

விடுப்பு முடிந்து போனவர் வழக்கம்போல் வெள்ளிக்கிழமை போன் செய்தார். ரிசீவரைப் பியானோவுக்குப் பக்கத்தில் பிடித்தேன். மகள் வாசித்து முடித்தாள்.

"நடுவுல சத்தத்தக் கொறச்சிட்டீங்களா?"

"இல்லீங்க. உங்க பொண்ணு வெரலாலயே கொறைக்கிறா."



"அந்த எடத்த மட்டும் இன்னொரு வாட்டி வாசிக்கச் சொல்லு" என்றார்.