பிகுவும் கூச்சமும்

பக்கத்து வீட்டுக் கொலுவில், "ஆன்ட்டி, ஒரு பாட்டுப் பாடுங்க" என்றாள் அந்த வீட்டுப் பெண்.

"தொண்டை சரியில்லம்மா" என்றேன். அப்படியே அம்மாவின் வார்த்தை.

மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில், சுண்டல் மணக்கும் நவராத்திரிச் சாயங்காலங்களில் அம்மாவின் தொண்டை சரியாக இருந்ததே இல்லை. "பிகு பண்ணாதீங்கோ மாமி!" என்று மூன்றாம் முறை கெஞ்சினால்தான் சரியாகும். எதிர்வீட்டுக் கமலா அக்காவுக்கோ நிஜக் கூச்சம். பாடச் சொன்னாலே கண் கலங்கிவிடும்.

"பிகுவைக் கெஞ்சணும், கூச்சத்துக்கு முதுகைக் காட்டணும்" என்பாள் அம்மா. "கமலா, உள்ளே போய்ச் சுண்டல் பொட்டலம் கட்டும்மா" என்று அனுப்பிவிடுவாள். சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து பாட்டு வரும். கூடத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் கேட்பார்கள்.

"அய்யோ, ஹௌதா, அப்படியா? பரவாயில்ல ஆன்ட்டி, பாட வேண்டாம்" என்று பக்கத்து வீட்டுப் பெண் வெந்நீர் கொண்டுவந்தாள்.

மெல்ல மெல்லக் குடித்தேன். இன்னும் இரண்டு முறை கேட்க வேண்டுமென்று அவளுக்கு யார் சொல்வது?